குப்புறப் படுத்த மேனேஜர்

கிரேன்காரருக்குக் கீழே பார்ப்பது புதிதல்ல. இத்தனை வருடமாக அதுதான் சோறு போடுகிறது. சரக்குப் பெட்டிகள் அடுக்கடுக்காக நிற்கிற யார்டில், நாலு மாடி உயரத்தில், கண்ணாடித் தரை போட்ட கூண்டுக்குள் உட்கார்ந்து, இரண்டு முழங்காலுக்கும் நடுவே தெரிகிற இரும்புப் பெட்டிகளைத் தூக்கி லாரியில் வைக்கிற வேலை. ஆனால் அது மேலே உட்கார்ந்துகொண்டு கீழே பார்ப்பது. கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு, மெத்தையிலும் பலகையிலும் வெட்டின ஓட்டை வழியாகத் தரையையும் மனைவியின் செருப்பையும் பார்ப்பது வேறு. அதுவும் ஒற்றைக் கண்ணால்.

அவருடைய வலது கண்ணின் விழித்திரை, ஈரச் சுவரிலிருந்து வர்ணம் உரிகிற மாதிரி உரிந்துவிட்டது. அது ஒரே நாளில் நடக்கவில்லை. கண் ஓரத்தில் மின்னல் வெட்டுகிறது, கொசு பறக்கிறது என்று அவரே பல நாள் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். லீவு போட்டு டாக்டரைப் பாருங்கள் என்றால், கப்பல் வந்து நிற்கிறது, போகட்டும் என்பார். கப்பல் என்றைக்கு வரவில்லை? பாதிக் கண்ணில் கறுப்புத் திரை விழுந்த பிறகுதான் மனுஷர் கீழே இறங்கினார். அறுவை செய்த கண் டாக்டரம்மா, விழித்திரையை மறுபடி ஒட்டவைத்து, அது பிடித்துக்கொள்கிறவரை அமுக்கிக்கொண்டிருக்க உள்ளே ஒரு வாயுக் குமிழை விட்டிருந்தார். குமிழின் சுபாவம் மேலே மிதப்பது. முகம் தரையைப் பார்த்தால்தான் அது கண்ணின் பின்பக்கம் போய் உட்காரும். ஆகவே இரண்டு வாரம் முகம் கீழே. சாப்பாடு, பேச்சு, சண்டை எல்லாம் அந்த நிலையில்தான் என்று டாக்டரம்மா கறாராகச் சொல்லி அனுப்பிவிட்டார்.

ஒட்டாவிட்டால் அந்தக் கண் போனதுதான். ஒற்றைக் கண்ணோடு கிரேனில் ஏற விடமாட்டார்கள். பெட்டிக்கும் லாரிக்கும் நடுவில் எவ்வளவு இடம் என்று சொல்ல இரண்டு கண்ணும் வேண்டும். இது அவருக்குத் தெரியும், அவர் மனைவிக்கும் தெரியும். தெரிந்ததாலேயே இரண்டு பேரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பேசியதெல்லாம் கால்பந்து பற்றித்தான்.

கால்பந்து என்றதும் காலால் உதைக்கிற பந்து என்று நினைத்துவிட வேண்டாம். யார்டில் பத்துப் பேர் சேர்ந்து கம்ப்யூட்டரில் நடத்துகிற லீக் அது. ஒருத்தரும் ஓட வேண்டாம், வேர்க்க வேண்டாம். ஆளுக்கொரு டீமுக்கு மேனேஜர். யார் இறங்குவது, யார் உட்காருவது, என்ன பயிற்சி என்று முடிவு செய்துவிட்டால் போதும். சாயங்காலம் மேட்ச் தானாக நடக்கும், திரையில் வரி வரியாக வர்ணனை ஓடும், நடுவில் வேண்டுமானால் ஆளை மாற்றலாம். உடம்பு நோகாமல் தோற்கிற வசதி வேறு எந்த விளையாட்டிலும் கிடையாது. ஆட்கள் கற்பனை, பெயர்கள் எல்லாம் வாயில் நுழையாத வெளிநாட்டுப் பெயர்கள். ஆனால் மறுநாள் சாப்பாட்டு அறையில் விழுகிற கிண்டல் நிஜம். சீசன் முடியும்போது கடைசி இரண்டு இடத்தில் இருப்பவர்கள் டீமைக் கலைத்துவிட்டு வெளியே போக வேண்டும் என்பது சட்டம். கிரேன்காரர் எட்டாவது இடத்தில் இருந்தார். ஒரு படி சறுக்கினால் வெளியே.

போதாக்குறைக்கு, விளையாட்டை நடத்துகிற கம்பெனியின் கம்ப்யூட்டர் நடுவில் கொஞ்ச நாள் படுத்துவிட்டது. தள்ளிப்போன மேட்ச்களை எல்லாம் சீசனின் கடைசியில் கொண்டுவந்து திணித்தார்கள். கிட்டத்தட்டத் தினம் ஒரு மேட்ச். அந்த நெருக்கடி சரியாக இவர் குப்புறப் படுத்த நாட்களில் வந்து சேர்ந்தது. மேனேஜர் ஆட்களை மாற்றி வைக்காவிட்டால் முந்தின நாள் ஆடிய பதினோரு பேரையே கம்ப்யூட்டர் மறுபடி இறக்கிவிடும்.

அதில் கிரேன்காரருக்கு ஆட்சேபம் எதுவும் கிடையாது. அவர் கொள்கையே அதுதான். பதினோரு பேர்தான் டீம், மற்றவர்கள் சாப்பாட்டுக்கு வந்தவர்கள் என்பார். தான் எப்படி லீவு போடாமல் வேலைக்குப் போகிறாரோ அப்படியே அந்தப் பதினோரு பேரும் போக வேண்டும். அதிலும் கேப்டன் என்றால் அவருக்கு உயிர். பதினேழு வயதுப் பொடியனாக எடுத்து, சீசனுக்கு ஒரு வயது, வருடத்துக்கு இரண்டு சீசன் என்று வளர்த்து, இப்போது முப்பத்தாறு வயதில் நரை தட்டிப்போன நடுக்கள ஆட்டக்காரன். ஒரு மேட்சிலும் அவனை உட்கார வைத்ததில்லை என்பதை மெடல் மாதிரி குத்திக்கொண்டு திரிந்தார்.

இன்னொரு ஆளையும் சொல்லிவிட வேண்டும். கிரேனுக்குக் கீழே நின்று கை காட்டுகிறவரை யார்டில் சிக்னல் என்றே கூப்பிடுவார்கள். அவர் கை அசைந்தால்தான் இவர் கொக்கி அசையும். லீக்கின் வில்லங்கமே இந்த சிக்னல்தான். விளையாட்டைத் தமிழில் மாற்ற ஆள் தேவை என்று கம்பெனி கேட்டதும் சும்மா இருக்க முடியாமல் கையைத் தூக்கிவிட்டார். ஃப்ரீ கிக்கை 'இலவச உதை' என்று போட்டார். எதிரணிக்கு ஒரு கோலும் விடாமல் மேட்சை முடித்தால் இங்கிலீஷ்காரன் கிளீன் ஷீட் என்பானாம். அதற்கு 'சுத்தமான போர்வை' என்று போட்டார். ஆட்டக்காரன் உடம்பில் எவ்வளவு சக்தி மிச்சம் என்று காட்டுகிற எண்ணுக்கு 'தெம்பு' என்று போட்டார். நியாயத்தைச் சொல்ல வேண்டும், அது ஒன்று உருப்படியாக அமைந்துவிட்டது.

கிரேன்காரரின் மனைவிக்கு ரொட்டிக் கூடத்தில் மாவு பிசைகிற பிரிவில் வேலை. கணவருக்காக விடுப்பு எடுத்திருந்தாள். கால்பந்தில் எத்தனை பேர் என்பதே அவளுக்கு நிச்சயமில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு லேப்டாப்பை வைத்துக்கொண்டு, அவர் தரையைப் பார்த்துச் சொல்லச் சொல்ல அவள் அழுத்தினால் போதும் என்பது ஏற்பாடு.

முதல் சாயங்காலமே தகராறு. கோல்கீப்பர் இந்த சீசனில் ஐந்து சுத்தமான போர்வை வாங்கியிருக்கிறார் என்று போட்டிருக்கிறதே, அத்தனை போர்வையை வைத்து என்ன செய்வார் என்று அவள் கேட்டாள். அவர் விளக்கினார். பிறகு தெம்பு என்று ஒரு எண் இருக்கிறதே, அது எவ்வளவு இருக்க வேண்டும் என்று கேட்டாள். தொண்ணூறுக்கு மேல் இருந்தால் நல்லது என்றார். அவள் பட்டியலில் மேலிருந்து கீழ்வரை விரலை ஓட்டினாள். உங்கள் ஆட்கள் ஒருத்தருக்கும் எழுபது தாண்டவில்லையே, எல்லாம் சிவப்பாக இருக்கிறதே என்றாள். அதையெல்லாம் பார்க்காதே, அதே பதினோரு பேரைப் போடு என்றார்.

போட்டாள். மூன்று கோல் வாங்கித் தோற்றார்கள். முன்வரிசையில் ஆடுகிற சுருட்டைமுடிக்காரனுக்குத் தொடையில் சதை கிழிந்து இரண்டு மாதம் ஆட முடியாது என்று செய்தி வந்தது. கிரேன்காரர் நடுவரைத் திட்டினார், மைதானத்தைத் திட்டினார், மழையைத் திட்டினார். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மேட்சில் அவள் வர்ணனை வாசித்தது ஒரு தினுசாக இருந்தது. நம்ம ஆள் பந்தை எடுத்தான், நம்ம ஆள் அடித்தான், நம்ம ஆள் தடுத்துவிட்டான் என்றே போய்க்கொண்டிருந்தது. எந்த ஆள் என்று அவர் கேட்டால், பேர் வாயில் நுழையவில்லை என்றாள். நியாயம்தானே என்று விட்டுவிட்டார். கடைசியில் நம்ம ஆள் கோல் போட்டுவிட்டான் என்றாள். அவருக்குத் தலைகால் புரியவில்லை. எந்த மகராசன் என்று கேட்டார்.

"நெட்டையா ஒருத்தன் இருக்கான்ல, அவன்தான்."

"நெட்டையா? நம்ம டீம்ல யாரு அப்படி?"

"ரெண்டு வருஷமா சும்மா உக்காந்திருக்கான். பெத்த பிள்ளை மாதிரி பேசுறீங்க, இருக்கானா இல்லையான்னே உங்களுக்குத் தெரியல."

அப்போதுதான் வண்டவாளம் தண்டவாளம் ஏறியது. ஐந்து பேரை உட்காரவைத்துவிட்டு, அவர் எட்டிக்கூடப் பார்க்காத ஐந்து பேரை அவள் இறக்கியிருந்தாள். கிரேன்காரர் வாய்க்கு வந்தபடி திட்டினார். மனைவி முகத்தைப் பார்த்துத் திட்ட வழியில்லாததால் அவள் செருப்பைப் பார்த்துத் திட்டினார். செருப்பு அசையாமல் கேட்டுக்கொண்டது. திட்டி முடித்ததும் ஒன்று உறைத்தது. ஒரு மாதமாக ஜெயிக்காத டீம் ஜெயித்திருக்கிறது.

அதற்குப் பிறகு நடந்ததைப் பார்த்து யாருமே அசந்துதான் போவார்கள். அவளுக்கு ஆட்டம் தெரியாது, ஆட்கள் தெரிந்தார்கள். நேற்று முழு மேட்ச் ஆடினவன் யார், முந்தாநாள் பாதியில் வந்தவன் யார் என்று மனதிலேயே வைத்திருந்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்பார்களே, அப்படி. கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு படுத்திருந்தவருக்கு அதைக் கேட்கக் கேட்க வியப்பாக இருந்தது. மொத்தமாக மாற்றினால் ஒருத்தனுக்கொருத்தன் ஒட்டாது என்று பாதிப் பேரை மட்டும் மாற்றுவாள். இரண்டு கோல் முன்னால் இருந்தால் உடனே களைத்தவனைக் கூப்பிட்டுக்கொள்வாள். ஜெயித்தாயிற்று, இன்னும் எதற்கு அவன் ஓட வேண்டும் என்பாள். மேட்ச் இருக்கிற நாளில் கடும் பயிற்சி எதற்கு என்று அதையும் குறைத்துவிட்டாள். பயிற்சியை இவர் என்றைக்கோ கடுமையில் வைத்துவிட்டு மறந்தே போயிருந்தார்.

அதிசயம் என்னவென்றால், ஓய்வும் அளவோடுதான் என்று அவளுக்குத் தானாகவே தோன்றியது. ஒரு வாரமாக ஆடாத பின்கள ஆட்டக்காரன் ஒருத்தனுக்குத் தெம்பு நூறு இருந்தது. அவனைப் போடு என்றார் இவர். அவள் யோசித்தாள். ரொம்ப நேரம் வைத்த மாவு பொங்கி அமுங்கிப்போய்விடும், இவனும் அப்படித்தான் மந்தமாக இருப்பான், முதலில் கடைசி இருபது நிமிடம் இறக்கிப் பார்க்கலாம் என்றாள். ஆட்டக் கூர்மை என்று பக்கத்திலேயே ஒரு எண் இருக்கும், பார் என்றார் அவர். பார்த்தாள். அதலபாதாளத்தில் இருந்தது. பத்து வருடமாக இந்த விளையாட்டை ஆடுகிறவர், அந்த எண்ணை ஒரு நாளும் மதித்ததில்லை. இவளை இத்தனை வருடம் ரொட்டிக் கூடத்துக்கு விட்டுக்கொடுத்துவிட்டோமே என்று அவருக்கு நிஜமாகவே ஆற்றாமையாக இருந்தது. பெருமையாகவும் இருந்தது. இரண்டையும் வாயைத் திறந்து சொன்னார். அவள், மூஞ்சியைக் கீழே வையுங்கள், பேசும்போது தலை தூக்குகிறது என்றாள்.

இரண்டாவது வாரத்தில் டீம் தலை எடுத்துவிட்டது. ஆனால் பின்னால் இருந்த மேஸ்திரியின் டீமும் விடாமல் துரத்தியது. யார்டு மேஸ்திரி, கிரேன்காரருக்கு மேலே இருக்கிற ஆள்; லீக்கில் மட்டும் கீழே. கடைசி மேட்ச் இரண்டு டீமுக்கும் நடுவில்தான் என்று அமைந்தது. தோற்றால் கிரேன்காரர் வெளியே. சமன் ஆனால்கூடப் போதும், மேஸ்திரி வெளியே.

அதற்கு முந்தின மேட்சன்றுதான் அந்தக் காரியம் நடந்தது. கேப்டனுக்குத் தெம்பு ஐம்பத்தெட்டு. அவள் எண்ணை மட்டும் வாசித்தாள். கேப்டன் விஷயத்தில் மட்டும் அவள் இதுவரை கை வைக்கவில்லை. கிரேன்காரர் ஓட்டை வழியாகத் தரையில் ஒரு எறும்பு போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எறும்பு கட்டில் காலைத் தாண்டிப் போனது. பிறகு, தன் ஆயுளில் முதல் தடவையாக, அதைச் சொன்னார்.

"சரி. கேப்டனுக்கு இன்னிக்கு ஓய்வு குடு."

அவளுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. கணவர் வாயிலிருந்து இந்த வார்த்தை வருவதற்கு எத்தனை வருடம் ஆகியிருக்கிறது. மற்ற ஆட்களை எல்லாம் பட்டியலில் தள்ளி வைத்துத்தான் உட்காரவைப்பாள். கேப்டன் பெரிய மனிதர், அவருக்கு மரியாதையாகச் செய்ய வேண்டும் என்று தோன்றியது. அவன் விவரப் பக்கத்தைத் திறந்தாள். கீழே 'ஓய்வு' என்றே ஒரு பட்டன் இருந்தது. அழுத்தினாள். உறுதிதானா என்று கேட்டது. உறுதி என்று அழுத்தினாள். திரை முழுக்கக் காகிதப் பூ கொட்டியது.

"பாருங்களேன், கிளப்பே நன்றி சொல்லுது. 'பத்தொன்பது ஆண்டு சேவைக்கு நன்றி, கேப்டன் ஓய்வு பெற்றார்'னு வந்திருக்கு."

உட்காரவைக்கிற பட்டனும் ஓய்வு, ஒரேயடியாக வீட்டுக்கு அனுப்புகிற பட்டனும் ஓய்வு. சிக்னல் ஒரே வார்த்தையில் இரண்டு காரியத்தையும் முடித்திருந்தார். கிரேன்காரருக்கு அது ஒரு நொடியில் விளங்கிவிட்டது. "ஐயோ, பெற்றாரா?" என்றபடி கையை ஊன்றி எழுந்தேவிட்டார். முகம் ஓட்டையை விட்டு வந்து, மெத்தையை விட்டு வந்து, திரையைப் பார்க்கத் திரும்பியது.

அவள் ஸ்டூலைத் தட்டிவிட்டுப் பாய்ந்து, பின்னங்கழுத்தைப் பிடித்து அமுக்கினாள். மாவு பிசைகிற கை. தலை மறுபடி ஓட்டைக்குள் போய்விட்டது. ஒரு மூச்சு விடுகிற நேரம்தான் இருக்கும். குமிழ் நகர்ந்திருக்குமா, விழித்திரை பெயர்ந்திருக்குமா என்று யாருக்குத் தெரியும். வாயு நிறைந்த கண்ணில் எப்படியும் எதுவும் தெரியாது. நல்லதா கெட்டதா என்று டாக்டரம்மா பார்த்துத்தான் சொல்ல வேண்டும். போனில் கேட்டதற்கு, இனி தூக்காமல் இருக்கச் சொல்லுங்கள், நாளை மறுநாள் கூட்டி வாருங்கள் என்று மட்டும் சொன்னார்.

அன்றைய மேட்சை யாரும் வாசிக்கவில்லை. சிக்னலைப் போனில் பிடித்தால், அவர் குரல் உள்ளே போய்விட்டது. இரண்டுக்கும் வேறு வேறு வார்த்தை தேட அன்றைக்குச் சோம்பலாக இருந்தது அண்ணே என்றார். ஓய்வு பெற்றவனைத் திரும்பக் கூப்பிட விளையாட்டில் வழியே இல்லையாம். அண்ணி என்னை மன்னிக்கணும் என்று இரண்டு மூன்று தடவை சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

கிரேன்காரர் தரையிடம் பேசுகிற மாதிரி மெதுவாகச் சொன்னார்.

"யார்டுலயும் இதே பட்டன்தான். கண்ணு ஒட்டலன்னா மேஸ்திரி ஒரு தடவை அழுத்துவார். எனக்கும் நன்றின்னு ஒரு வரி வரும்."

இத்தனை நாளாக இரண்டு பேரும் சுற்றிச் சுற்றி வந்து தொடாமல் விட்டது அதுதான். அவள் செருப்பு ஓட்டையிலிருந்து நகர்ந்து போவதை அவர் பார்த்தார். அடுப்படிக்குப் போகிறாள் என்று நினைத்தார். கட்டிலுக்கு அடியில் ஏதோ உரசுகிற சத்தம் கேட்டது. அவள் தரையில் மல்லாந்து படுத்து, மெல்ல மெல்ல நகர்ந்து, நேராக ஓட்டைக்குக் கீழே வந்து சேர்ந்தாள். பத்து நாளுக்குப் பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். கன்னத்தில் ஒட்டடை ஒட்டியிருந்தது.

"நான் உங்களைப் படுக்க வெச்சிருக்கிறது மொதல் ஓய்வு. ரெண்டாவது இல்ல. மொதல்ல உள்ளதை அந்தக் கேப்டனுக்கு நீங்க ஒரு நாளும் குடுக்கல. உங்களுக்கும் குடுத்துக்கல. இதையாவது முழுசா எடுங்க."

மேலேயிருந்து ஒரு சொட்டு அவள் நெற்றியில் விழுந்தது. கண் மருந்து என்றார் அவர். ஆமாம், மருந்துதான் என்று அவள் முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

கடைசி மேட்ச் அன்று சாயங்காலம் அவள் வழக்கத்தைவிட நிதானமாக ஆட்களை அடுக்கினாள். கேப்டன் இடத்தில் யார் என்று அவர் கேட்கவில்லை, அவளே சொன்னாள். பின்களத்தில் மந்தமாக இருக்கிறான் என்று இருபது இருபது நிமிடமாக இறக்கித் தேற்றி வைத்திருந்தாளே, அவன்தான். தெம்பும் கூர்மையும் இரண்டும் தொண்ணூறுக்கு மேல். எதிர் டீமின் பட்டியலையும் வாசித்தாள். மேஸ்திரி சீசன் முழுக்க ஒரே பதினோரு பேரை ஓட்டியிருந்தார். எல்லாம் சிவப்பு.

"பாவம், அந்தப் பிள்ளைங்க. ஒருத்தனுக்கும் நிக்கத் தெம்பில்ல," என்றாள். அது கிண்டல் இல்லை. அவளுக்கு நிஜமாகவே இரக்கமாக இருந்தது. கிரேன்காரருக்கு அந்தப் பதினோரு பேரையும் ஏற்கனவே தெரிந்த மாதிரி இருந்தது.

மேஸ்திரியின் ஆட்கள் முதல் பாதியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு முட்டினார்கள். இரண்டாம் பாதியில் கால் பின்னியது. ஆனாலும் நம்ம ஆட்களுக்கும் கோல் விழவில்லை. பூஜ்யம் பூஜ்யம். கடைசி நிமிடத்தில் எதிரணிக்குக் கோல் வாசலுக்கு நேராக ஒரு இலவச உதை கிடைத்துவிட்டது. அவள் வரியை வாசித்தாள். பந்தை வைக்கிறான், பின்னால் போகிறான், ஓடி வருகிறான். அதோடு நின்றுவிட்டாள்.

இணையம் நின்றுபோயிருந்தது. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. அது அவருக்குத் தெரியாது. அவள் குரல் நின்றது மட்டும் தெரியும். கோல் விழுந்துவிட்டது, சொல்ல மனம் வராமல் நிற்கிறாள் என்று நினைத்தார். முதுகு முழுக்க எழுந்து பார் என்று தள்ளியது. கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஆகாயத்தில் காற்றில் கூண்டு ஆடும்போதுகூட அவர் அப்படி எதையும் பிடித்ததில்லை. தலை அசையவில்லை. இந்தத் தடவை அவள் கை கழுத்தில் இல்லை. அவர் தலையை அவரே பிடித்துக்கொண்டிருந்தார்.

"சொல்லும்மா," என்றார் தரையைப் பார்த்து. "என்ன ஆனாலும் சரி. நான் படுத்துட்டுதான் இருக்கேன்."

வட்டம் நின்றது. வரி வந்தது. அவள் அதை இரண்டு தடவை தனக்குள் வாசித்துப் பார்த்தாள்.

"போர்வைங்க," என்றாள். "சுத்தமான போர்வை."

மறுநாள் டாக்டரம்மா விளக்கை அடித்து வெகு நேரம் பார்த்தார். இந்த நாற்காலியில் உட்கார்ந்த வேறு யாரும் இவ்வளவு நல்ல பிள்ளையாகத் தலை குனிந்து உட்கார்ந்ததில்லை என்றார். விழித்திரை ஒட்டியிருந்தது. தூக்கின அந்த ஒரு மூச்சு நேரத்துக்குக் குமிழ் மன்னித்துவிட்டிருந்தது. ஆனால் பார்வை எவ்வளவு திரும்பும் என்பதை இப்போது சொல்ல முடியாது, வாயு கரைய வேண்டும், பொறுக்க வேண்டும் என்றார். பொறுத்தார்கள். குமிழ் நாளுக்கு நாள் சிறுத்து, பார்வையில் கீழ்ப்பக்கம் ஒரு மணி மாதிரி ஆடிக்கொண்டிருந்துவிட்டு, ஒரு காலையில் காணாமல் போனது. நடுவில் யார்டிலிருந்து மேஸ்திரியே கூப்பிட்டு, கப்பல் வரிசையில் நிற்கிறது, பரவாயில்லை என்றால் வந்துவிடு, முன்னே பின்னே பார்த்துக்கொள்ளலாம் என்றார். கண் டாக்டரம்மா சொன்ன நாளுக்கு முன்னால் வரமாட்டேன் என்றார் கிரேன்காரர். யார்டில் அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியத்தை யாரும் கேட்டதில்லை.

புதிய சீசன் தொடங்கியது. டீமை அவளே நடத்தட்டும், நான் பெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறேன் என்று கிரேன்காரர் லீக்கில் சொல்லிவிட்டார். சட்டத்தில் இடமில்லை என்று ஒரு பேச்சு எழுந்தது. அண்ணி வராவிட்டால் தமிழை எடுத்துவிட்டு வேறு பாஷை போட்டுவிடுவேன் என்று சிக்னல் மிரட்டி அடக்கினார். அதற்கு முன்னால் ஒரு நாள் சிக்னல் இவர்கள் வீட்டுக்கு வந்து, நிலைப்படியிலேயே நின்றுகொண்டு, உட்காரவைக்கிற பட்டனுக்கு வேறு ஒரு வார்த்தை நீங்களே சொல்லுங்கள் அண்ணி என்று அவளிடம் கேட்டுப் போயிருந்தார். அவள் என்ன சொன்னாள் என்று கணவரிடம் சொல்லவில்லை.

விடிந்தால் யார்டின் மருத்துவர் எழுத்து அட்டையைக் காட்டிக் கண்ணைச் சோதிக்கப் போகிறார் என்கிற நாள் வந்தது. அதில் வாசித்தால் கிரேன், வாசிக்காவிட்டால் நன்றி. அன்று சாயங்காலம் அவள் லேப்டாப்பைத் திறந்து மேசையில் வைத்தாள். கிரேன்காரர் நிமிர்ந்து நாற்காலியில் உட்கார்ந்தார். இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார். இதைப் படியுங்கள் என்று அவள் விரலை வைத்த இடத்தில், பொடி எழுத்தில், நெட்டையின் பக்கத்துக்குக் கீழே ஒரு பட்டன் இருந்தது. எழுத்துக்கள் முதலில் நீருக்குள் இருப்பது போல் நெளிந்தன. அவர் அவசரப்படவில்லை. இமையை மூடித் திறந்தார், இன்னொரு தடவை மூடித் திறந்தார். நெளிவு அடங்கி ஒவ்வொன்றாக வரிசையில் வந்து நின்றன. எழுத்துக் கூட்டி, சத்தமாக, ஒட்டின கண்ணால் மட்டும் அவர் வாசித்தார்.

"கொஞ்சம் உக்காரட்டும்."